ஒரு சிப்பில் ஒருவருக்குத்தான் இடம்

"சின்னதா ஒரு படத்தை வரைஞ்சிட்டு, மீதியை ஊகிச்சுப் பெருசாக்கிக் காட்டுறது ஏமாத்து வேலை, சார்," என்றார் ஹதனகா.

"ஒன்றரை மணி நேரத்துல பேட்டரி செத்துப்போனா, இவரோட ஒளியை இருட்டுத் திரையிலதான் தேடணும்," என்றார் குராமோச்சி, அவர் பக்கம் திரும்பாமலே.

சேரா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒசாகாவிலிருந்து டோக்கியோ அலுவலகத்துக்குப் பிரிவுத் தலைவராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் இந்தச் சண்டை கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

புதிய கையடக்க விளையாட்டுக் கருவியின் சிப்பில் ஒன்றுக்குத்தான் இடம். ஒவ்வொரு ஒளிக்கதிரையும் பின்தொடர்ந்து நிழலையும் பிம்பத்தையும் அச்சு அசலாகக் காட்டும் ஹதனகாவின் ரே டிரேசிங். இல்லாவிட்டால், பேட்டரியைத் தின்னாமல் படத்தைப் பெரிதாக்கும் குராமோச்சி அம்மையாரின் அப்ஸ்கேலிங். தோற்றவர் மூன்று வருடம் சப்போரோ கிளைக்குப் போக வேண்டும். நிறுவன வழக்கப்படி, குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுத் தனியாக.

இருவரும் ஒரு மேசையில் சாப்பிட்டோ ஒரே லிஃப்டில் ஏறியோ சேரா பார்த்ததில்லை. பிரித்துவிட்டால் புண்ணியமாகப் போகும் என்று நினைத்தார்.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?"

குராமோச்சி வாயைத் திறப்பதற்குள் ஹதனகா தன் மாதிரிக் கருவியைச் சேராவிடம் நீட்டினார். "பிடிச்சுப் பாருங்க சார், சுடுது. ஏழு அங்குலத் திரையில யாரும் நிழலை உத்துப் பாக்கப் போறதில்ல. அவங்க வழிதான் சரி. நான் போறேன்."

மூன்று மாதமாக ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காத மனிதர்!

"இன்னும் ஒரு வாரம் சோதிக்கலாமே சார்," என்றார் குராமோச்சி. ஜெயித்தவருக்கு என்ன வந்தது என்று சேராவுக்கு விளங்கவில்லை.

"வேண்டாங்க. முடிவாயிடுச்சு," என்றார் ஹதனகா மெதுவாக.

"எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தா ரெண்டு பேருக்குமே நிம்மதி," என்று சேரா சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

ஹதனகா மாற்றல் படிவத்தை அங்கேயே நிரப்பி, கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். சேரா வாசித்தார். டோக்கியோவிலேயே தங்கும் குடும்பத்தினர்: நான்கு வயது மகள், மனைவி. மனைவி வேலை செய்யும் இடம்: இதே நிறுவனம், இதே மாடி. அலுவலகத்தில் வழங்கும், திருமணத்துக்கு முந்தைய பெயர்: குராமோச்சி.