சீசர் தின்ற சோறு

ராஜரத்தினம் போட்ட சத்தத்தில், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த பெரியவர் எழுந்து தள்ளிப் போய் நின்றார்.

"ஒரு வாயில்லா ஜீவனுக்கு இப்படிச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

பாண்டிசெல்வி சீசரின் தலையைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள்.

அது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள கால்நடை டாக்டர் விக்னேஷ்வரனின் கிளினிக். மேஜைமேல் சீசர் மூச்சிரைக்கக் கிடந்தது. அசல் ராஜபாளையம் நாய். வெள்ளை வெளேரென்ற உடம்பில் வாந்தி ஒட்டியிருந்தது. முன்னங்காலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

பாண்டிசெல்வி, ராஜரத்தினம் வீட்டில் ஆறு வருஷமாக வேலை செய்கிறவள். செட்டியார்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவாள். ராஜபாளையத்திலிருந்து காரில் வரும்போது நாயை மடியில் போட்டுக்கொண்டு வந்தவளும் அவள்தான். அவள் சேலை முழுக்க வாந்தி.

டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"பிரியாணி சார்" என்றாள் பாண்டிசெல்வி.

ராஜரத்தினத்துக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்கிற ஆள் அவர். கோடை பிறந்ததிலிருந்து சீசருக்கு அவர் கையால்தான் சாப்பாடு. வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கே, அப்போது வடித்த சோற்றில் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி. மத்தியானம் நீர்மோர் மட்டும். மறுபடி சாப்பாடு வெயில் தாழ்ந்த பிறகுதான். நிழலில் மண்சட்டி வைத்து, ஒரு நாளைக்கு நாலு தடவை தண்ணீர் மாற்றுவார். அது படுக்கிற இடத்தில் ஒரு ஏர்கூலர்கூட வாங்கி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் அங்கே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த டீச்சரம்மா, இப்படிப்பட்டவர் வீட்டில் இப்படி ஒரு வேலைக்காரியா என்பது போலப் பாண்டிசெல்வியைப் பார்த்தாள்.

அப்படியானால் இன்று காலையில் என்ன வைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பாண்டிசெல்விதான் சொன்னாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. முதலாளி வீட்டில் எல்லோரும் விடிவதற்கு முன்பே மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். போகிற அவசரத்தில் சீசருக்கு வைக்க மறந்துவிட்டார்கள். துணி துவைக்கவும் செடிக்குத் தண்ணீர் விடவும் அவள் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பின்பக்கம் மட்டும்தான் திறந்திருந்தது. மத்தியானம்வரை சீசர் காலித் தட்டை நக்கிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. கல்யாணம் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது சீசர் வாந்தி எடுத்துக் கிடந்தது.

"அதுக்காக?" என்றார் ராஜரத்தினம். "கண்டதையும் போட்டுருவியா?"

டாக்டர் அவரைக் கையமர்த்தினார்.

"மசாலா, வெங்காயம், எண்ணெய், எதுவும் நாய்க்கு ஆகாதும்மா. அதை விடுங்க. வாந்தியைப் பார்த்தா அது ரெண்டு நாளைக்கு முன்னாடி ஆக்குன சோறு மாதிரி தெரியுது. இந்த வெயில்ல அது விஷம். நாய்னு இல்ல, எந்த உசுரு தின்னாலும் படுத்துரும். போடுறதுக்கு முன்னால மோந்து பாக்கலையா?"

"பாத்தேன் சார். எப்பவும் அடிக்கிற வாடைதான் அடிச்சுச்சு."

ராஜரத்தினத்துக்கு இப்போது எல்லாம் புரிந்துபோனது.

வீடு பூட்டியிருந்தது. சமையல்கட்டுக்குள் அவள் போகவே முடியாது. அப்படியானால் சோறு எங்கிருந்து வந்தது?

"உன் வீட்டுலேருந்து கொண்டுவந்தியா?" அவர் குரல் தாழ்ந்தது. முன்பு கத்தியதைவிட அது மோசமாக இருந்தது. "ஊசிப்போன சோத்தைத் தின்னு உங்களுக்குப் பழகியிருக்கும். அது உங்க பாடு. என் நாய்க்கு எதுக்கு அதைப் போட்டே? பிள்ளை மாதிரி வளக்குறேன் நான்."

பாண்டிசெல்வி சீசரின் தலையை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என் வீட்டுச் சோத்தைப் பத்திப் பேசாதீங்க மொதலாளி. என் பிள்ளைகளுக்கு நான் காலையில வடிச்சு வச்சிட்டுத்தான் பஸ் ஏறுறேன்."

ஆறு வருஷத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ராஜரத்தினம் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். பெரியவரும் டீச்சரம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலைக் காட்டி, போகச் சொன்னார்.

"போறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. உன் வீட்டுச் சோறு இல்லேன்னா, அது எவ வீட்டுச் சோறு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. அதுவரை காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி தங்கபாய், கல்யாணப் பட்டுச்சேலையோடு உள்ளே வந்தாள். சத்தம் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும் போல. புருஷனின் கையைப் பிடித்து, சமாதானமாகச் சொன்னாள்.

"செத்த சும்மா இருங்க. பாவம், அவளை ஏன் வையுறீக? அது நம்ம வீட்டுல வெள்ளிக்கிழமை ஆக்குன பிரியாணிதான். மத்தியானம் செல்வி சாப்பிடட்டும்னு நான்தான் பின்பக்கம் எடுத்து வச்சிட்டு வந்தேன்."