சாக்கில் பதினான்கு பாட்டில்

பீப்பாய்க்குப் பின்னால் ஒரு சாக்கில் காலி பாட்டில்கள் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன். பதினான்கு.

அத்தனையும் மச்சான் வேலை பார்க்கும் பெரிய ஃபேக்டரியின் கறுப்பு பீர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் கால் சிகிச்சைக்காக நாங்கள் மூன்று பேரும் பதினான்கு மாதம் வெளியூரில் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தோம். வீட்டுச் சாவி என் மனைவியின் அண்ணனான இந்த மச்சானிடம்தான் இருந்தது. மனுஷன் ஜாலியாக நான் பீர் காய்ச்சும் ஷெட்டில் உட்கார்ந்து, என் பீப்பாயின் மேலேயே சாய்ந்துகொண்டு, அந்தச் சீனித் தண்ணீரைக் குடித்திருக்கிறார்!

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று, பின்னால் நின்ற மச்சான் பக்கம் திரும்பினேன். மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

அன்றைக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. ஷெட்டில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு பீப்பாய்தான். வெளியூர் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரைக் காய்ச்சி, விஸ்கி இருந்த பழைய ஓக் பீப்பாயில் ஊற்றி அடைத்தது. மரம் தன் பங்கைக் குடித்துக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை திறந்து, குறைந்த அளவுக்குக் கறுப்பு பீர் ஊற்றி நிரப்ப வேண்டும். விட்டுவிட்டால் காற்று புகுந்து புளித்துப்போகும்.

பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அதை நினைக்கவில்லை. நினைக்கிற நிலைமையிலா இருந்தேன்?

புளித்திருந்தால் காய்ச்சுவதையே விட்டுவிட்டு ஃபேக்டரியில் சேர்ந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். மச்சானும் மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே ருசி பார்த்துச் சரி சொல்கிற பெரிய வேலை அவருக்கு. வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பி, கையோடு கொண்டுவந்திருந்தார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பீப்பாயின் முகப்பில் அடித்திருந்த ஆணியை இடுக்கியால் இழுத்தேன். மெல்லிய கறுப்புத் தாரை பீய்ச்சியடித்தது. நான்கு கிளாஸ்களில் பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்பச் செருகினேன்.

எனக்கு வாயில் வைக்கத் தைரியம் வரவில்லை. பல் டாக்டர்தான் முதலில் குடித்தார். நான் காய்ச்ச ஆரம்பித்த நாளிலிருந்து குடிக்கிற சிநேகிதர். அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், பீர் என்று வந்துவிட்டால் தன் வாயை மூடவே மாட்டார்.

ஒரு மிடறு குடித்துவிட்டு, மூடிக்கொண்டார்.

போச்சு என்று நினைத்துக்கொண்டே நானும் குடித்தேன்.

அடடா! முதலில் வறுத்த காப்பிக்கொட்டை வந்தது. அடுத்து கறுப்பு சாக்லேட்டின் இதமான கசப்பு. விழுங்கி முடித்த பிறகு, புதிதாக இழைத்த மர அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை தொண்டையிலேயே நின்றது. புளிப்பு மருந்துக்கும் இல்லை. நான் காய்ச்சியதா இது? எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்போதும் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமே நீட்டிவிடும் மனைவி இந்தத் தடவை கிளாஸைத் தரவில்லை.

டாக்டருக்கு ஒருவழியாகக் குரல் திரும்பியது. “இதுக்குப் பேர்தான்யா கிராஃப்ட் பீர்! ஃபேக்டரி சரக்கு ஒரு சொட்டு கலந்திருந்தாலும் என் நாக்கு காட்டிக் கொடுத்துடும்.”

மச்சான் சிரித்தார். “நல்லா இருந்தா பீர், நல்லா இல்லேன்னா கிராஃப்ட் பீர். அவ்வளவுதான் டாக்டர் வித்தியாசம்.”

பிடித்துக்கொண்டார்கள். சின்ன இடத்தில் காய்ச்சினால் கிராஃப்டா, காய்ச்சுகிறவனே முதலாளியாக இருந்தால் கிராஃப்டா, கையால் செய்தால் கிராஃப்டா? எங்கள் ஃபேக்டரியில் இருப்பவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு கை இருக்கிறது என்றார் மச்சான். கை இருந்தால் போதாது, மனசு வேண்டும் என்றார் டாக்டர்.

நான் அவர்கள் சண்டையில் தலையிடவில்லை. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் அவசரம் எனக்கு. பீப்பாயின் மேல் தக்கையைச் சுத்தியலால் இரண்டு பக்கமும் தட்டி எடுத்தேன். ஒரு சாணாவது இறங்கியிருக்கும் என்று விரலை உள்ளே விட்டேன்.

விட்டதும் நகம் நனைந்தது.

நான்கு கிளாஸ் பிடித்த பிறகும் கிட்டத்தட்ட விளிம்பு வரை இருந்தது. தக்கையில் சுற்றியிருந்த துணியும் நான் சுற்றியது இல்லை.

ஓரத்தில் கிடந்த சாக்கைத் திரும்பிப் பார்த்தேன். மாதத்துக்கு ஒன்று. நுரை அடங்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றியிருக்க வேண்டும். எவ்வளவு பொறுமை அந்த மனுஷனுக்கு! ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தாலே போதும், நான் இந்நேரம் அவர் ஃபேக்டரி ஆள்.

நிமிர்ந்தால் மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். என் காலை அழுத்தி மிதித்தார்.

டாக்டர் இன்னும் தன் நாக்கின் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டர்” என்றார் மச்சான். அவர் விட்டுக்கொடுத்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு சட்டைப் பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து, நான்காக மடித்து, ஈரக் கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.