எதிரியின் வால்

பிளாஸ்டிக் செடியில் மாட்டி ஃபைட்டர் மீனின் வால் கிழிந்தது. அதை வளர்க்கும் நிலோபர் செடியைத் தூக்கிப் போட்டாள். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, காயம் ஆறுவதற்காகப் பாதாம் மரத்துச் சருகு ஒன்றையும் மிதக்க விட்டாள். மெல்ல மெல்ல வால் வளர்ந்தது.

“வால் எப்படி இருக்குண்ணே?” என்று அதே தொட்டியில் இருந்த நத்தை கேட்டது.

“பழையபடி ஆயிருச்சு” என்று பெருமையாகத் திரும்பிய மீன், தொட்டிக் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்துவிட்டது.

“அடப்பாவி, இவனுக்கும் வளர்ந்திருச்சே! நிலோபர் இவனுக்கும் சேர்த்துல்ல வைத்தியம் பார்த்திருக்கா!”

“அது நீங்கதாண்ணே.”

மீன் காதில் வாங்கவில்லை. வாலை விரித்து விறைத்துக்கொண்டு கண்ணாடி மேல் பாய்ந்த பாய்ச்சலில் புது வால் மறுபடியும் கிழிந்தது.

“ஐயோ, வலிக்குதாண்ணே?”

“அதை விடு. அவனுக்குக் கிழிஞ்சுதா, பாரு.”

நத்தை கண்ணாடியைப் பார்த்தது. “கிழிஞ்சிருக்குண்ணே.”

“அப்ப சரி” என்று மீன் சருகின் மேல் நிம்மதியாகச் சாய்ந்தது.