நீலத்தில் ஒரு சிவப்பு முடிச்சு

"என்னக்கா, வெச்ச கண் வாங்காமப் பாக்கறீங்க? எங்கயாவது அழுக்கு போகலையா?" என்றார் சலவைக் கடைக்காரர்.

கொக்கி ஊசியால் அவளே முடிச்சு முடிச்சாகப் போட்ட கம்பளி விரிப்பு அது. கவிழ்த்துத் தட்டி, சோப்பு நுரையால் ஒற்றி, நிழலில் உலர்த்தியதில், மேஜைமேல் நீலக் கடலாகப் பரந்து கிடந்தது. தொட்டால் விரல் நனையும் போலிருந்தது.

"கரைக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு முடிச்சு இருந்துச்சே?"

"அதுவா! கை தவறிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். பிரிச்சுட்டு நீலம் போட்டுட்டேன். அதுக்குக் காசு வேணாம்."

அவள் அந்த இடத்தை மெல்லத் தடவினாள்.

"அது என் வீட்டுக்காரரோட கப்பல்ண்ணே. அவர் ஃபோன் பண்றப்பல்லாம் அந்த முடிச்சைப் பிரிச்சு, கரைப் பக்கமா ஒரு கட்டம் தள்ளிப் போடுவேன்."

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ! எந்தக் கட்டம்னு சொல்லுங்கக்கா, இப்பவே மாத்திடறேன்."

அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"வேணாம்ண்ணே. இப்பதான் கடல் சரியா இருக்கு." விரிப்பைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். "காலையில வந்து சேந்துட்டாரு. வீட்டுல தூங்கறாரு, இன்னும் அலையில ஆடற மாதிரியே."