முதலை பிடிப்பவர்

குமராட்சி தட்சிணாமூர்த்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க, ரேகா கடலூரிலிருந்து மூன்றாவது முறையாக வந்திருந்தாள். ஊர்க் குளங்களில் புகும் முதலைகளை யாரும் அடித்துவிடாமல் பிடித்து, ஏரியில் விடுபவர் அவர். கேமராவைக் கண்டால் மட்டும் கொல்லைப்புறமாகப் போய்விடுவார்.

இன்றும் அவர் மனைவி அமராவதிதான் காபி கொடுத்தாள்.

"அவரு எப்படிக்கா புடிக்கிறாரு? அதையாச்சும் நீங்க சொல்லுங்க."

"கண்ணு மேல ஈரச் சாக்கப் போட்டா அடங்கிடும்மா. அப்புறம் வாயக் கட்டணும். இறுக்குனா அதுக்கு வலிக்கும், ஒரு விரல் எடம் விட்டுத்தான் கட்டுவேன்."

ரேகா நிமிர்ந்தாள். "நீங்களா கட்டுவீங்க?"

அமராவதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பொம்பள முதலை புடிக்கிறான்னு தெரிஞ்சா வேடிக்கை பாக்க ஊரே கூடிடும். அது மிரண்டுடும். அதான் அவரு பேரச் சொல்லிட்டோம். ஆளுங்கள தூரமா நிறுத்துறது மட்டும் அவரு வேலை."

"உங்களையே எடுக்கலாமாக்கா?"

அமராவதி தயங்கினாள். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்த தட்சிணாமூர்த்தி, நாற்காலியைக் கேமரா முன்னால் இழுத்துப் போட்டு மனைவியை உட்கார வைத்தார்.

"நல்லா எடும்மா. ஏழு வருஷமா பொய்ப் பேரோட சுத்துறேன். எனக்குப் பல்லியக் கண்டாலே பயம்!"