அசல் தேக்குக் கதவு

மரக்கடை ஒன்றில் விற்பனைக்கு நின்ற கதவுக்குள், புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு கரையான்கள் குடியிருந்தன. ஒரு நாள் அவை ருசித்துத் தின்றுகொண்டிருந்தபோது, வெளியே கடைக்காரர் கதவை ஓங்கித் தட்டி, வாங்க வந்தவரிடம் முழங்கினார்.

"அசல் தேக்கு சார்! கரையான் கடிச்சா அதோட பல்லுதான் உடையும்!"

பெண் கரையான் மெல்வதைச் சட்டென்று நிறுத்தியது. "ஏங்க, கேட்டீங்களா? இது தேக்காம்! பல்லு உடைஞ்சுருமாம்!"

"ஒரு மாசமா இதைத்தானே தின்னுக்கிட்டிருக்கோம்?" என்றது ஆண் கரையான்.

"அட, நீங்க சும்மா இருங்க! எவ்வளவு அடிச்சுச் சொல்றாரு, அவருக்குத் தெரியாதா?"

வாயிலிருந்த மரத்தூளை அவசரமாகத் துப்பியது பெண் கரையான். "நல்லவேளை, பல்லு தப்பிச்சுது! கிளம்புங்க, எதிர்க்கடைக்கு ஓடிரலாம்!"

பாதிக் கதவை வயிற்றில் சுமந்துகொண்டு, இரண்டும் குதூகலமாக ரோட்டைக் கடந்தன.