கீறல் விழாத கண்ணாடி

டென்மார்க்கின் ஓடென்சே நகருக்கு வெளியே, சாயக்குண்டு சுட்டு விளையாடும் பெயின்ட்பால் திடலின் தகரக் கொட்டகை மேல் மழை பெய்கிறது. விளையாட வந்திருக்கும் ஓர் அலுவலகத்து ஊழியர்கள் பெட்டியிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். கீறல் விழாதது ஒன்றுதான். அதை ப்ரெபன் முந்திக்கொண்டு மாட்டிக்கொள்கிறான். பிறகுதான் விபேக்கே வருகிறாள். அவளுக்கு வலது கண்ணில் மட்டும்தான் பார்வை. இத்தனை வருஷமாகப் பக்கத்து மேஜைக்காரி, அவனுக்குத் தெரியாததல்ல. "வலப்பக்கம் கீறலில்லாதது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கிறாள். அவன் கை தலைக்குப் பின்னாலுள்ள வாரைத் தொடுகிறது, ஆனால் கழற்றவில்லை. "எல்லாம் ஒரே லட்சணம்தான்," என்கிறான். "சரி விடு. நீ முன்னால ஓடு ப்ரெபன், உன் முதுகைப் பார்த்தே வந்துடறேன்," என்று சிரிக்கிறாள். அவனுக்குக் காது மடல்வரை கொதிக்கிறது. அவள் கையிலிருக்கும் மங்கல் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரிகிறது.